தாத்தா நட்ட செடி, யார் பெயரில் மண்?

கேள்வி: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். வீடு எங்களுக்குச் சொந்தமாகாதா?
– வாசகர், தானா ராத்தா

பதில்: தாத்தாவின் வியர்வை மண்ணில் இருக்கிறது, பெயர் பதிவேட்டில் இல்லையே! மலேசியாவின் 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். எத்தனை வருடம் குடியிருந்தாலும் பதிவான உரிமையாளரின் உரிமை அழியாது என்கிறது 341-ஆம் பிரிவு. அரசு நிலத்துக்கும் இதே கதைதான். அது 48-ஆம் பிரிவு.

ரோமானியச் சட்டத்தின் வழிவந்த நாடுகளில் நீண்ட அனுபோகம் உரிமையாகக் கனியும். பிரான்சில் பொதுவாக 30 ஆண்டு. இலங்கையில் தனியார் நிலத்துக்கு 10. ஆனால் அங்கேயும் உரிமையாளரின் அனுமதியோடு குடியிருந்தால் அந்தக் கடிகாரம் ஓடாது. வேலைக்காகத் தந்த லயம் அப்படிப்பட்டதுதான்.

உங்கள் மலையில் காய்கறி பயிரிடும் பலரிடம் முன்பு இருந்ததும் அரசு நிலத்துக்கான தற்காலிகக் குடியிருப்பு உரிமம்தான். வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் கூடவே இறந்துவிடும், பிள்ளைக்குப் போகாது.

மூன்று தலைமுறை உழைத்த குடும்பம் ஒரு வீடு கேட்பது நியாயம், பிச்சையல்ல. வீட்டில் தோட்ட வேலையில் இருப்பவர் ஓய்வு பெறும்வரை காத்திராதீர்கள். தொழிற்சங்கத்தோடு சேர்ந்து, சொந்த வீட்டுத் திட்டம் வேண்டுமென்று நிர்வாகத்துக்கு இப்போதே எழுதுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள்.