பனி விலகினால் ஹீமோகுளோபின்

மெஷின் வராத காலத்தில், மூடுபனி இறங்கிய காலைகளில் எங்கள் அருவங்காட்டு லேபில் யாருக்கும் ஹீமோகுளோபின் பார்க்க முடியாது. சாலி குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் நிறம் பார்க்க வேண்டும். எதிரே நிற்கும் கற்பூர மரமே தெரியாதபோது பழுப்பை எங்கே ஒப்பிடுவது? விரலில் குத்திய ரத்தத்தை 20 கன மில்லிமீட்டர் கோடுவரை வாயால் உறிஞ்சி, அமிலத்தில் கலந்து வைத்துவிட்டு, ஒரு டீ குடித்து, மலை ரயில் இன்று எங்கே நின்றுபோனது என்று பேசி முடிப்பதற்குள் பனி கொஞ்சம் விலகும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பக்கத்துக் கண்ணாடியின் பழுப்போடு சேரும்வரை கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பேன்.

"தம்பி, ரத்தம் எத்தனை பர்சென்ட் இருக்கு?" என்பார் தேயிலைத் தோட்டத்து அக்கா.

"அறுபத்தஞ்சுக்கா."

எதில் அறுபத்தைந்து என்று அவரும் கேட்டதில்லை, நானும் கவலைப்பட்டதில்லை. ஹால்டேன் கணக்கில் நூறு சதவீதம் 14.8 கிராம், சாலியின் பழைய கணக்கில் 17.3. கண்ணாடி மாறினால் அக்காவின் ரத்தம் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றரை கிராம் கூடியிருக்கும். இருந்தாலும், என் கண்தான் ஜில்லாவுக்கே அளவுகோல் என்ற நினைப்பு அந்த வயதில் எனக்கு.

சர்க்கரைக்கு ஃபோலின்-வூ முறை. குழாய்களைக் கொதிநீரில் வை என்கிறது புத்தகம். எழுதியவர் இந்த மலையைக் கண்டாரா, இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுமே! ஆனாலும் மோசமில்லை. நாங்களே நிறுத்துக் கலக்கி, பென்சாயிக் அமிலம் சேர்த்துக் காப்பாற்றிய குளுக்கோஸ் ஸ்டாண்டர்டும் நோயாளியின் குழாயோடு அதே தண்ணீரில் நின்றதால், குறைந்த சூட்டை இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த நீலம் மெல்ல எழுவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

இப்போது மெஷின் ஊசிக்குக் குழாயை நீட்டினால் ஒரு நிமிடம், டீக்கு நேரமில்லை. காலிப்ரேட்டர் ஐஸ் பெட்டிக்குள் மேட்டுப்பாளையம் மலைப்பாதை ஏறி வருகிறது, தன் கோத்திரத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு: கம்பெனி அளவுக்கு மேலே சர்வதேச ஸ்டாண்டர்டு, அதற்கும் மேலே 540 நானோமீட்டரில் படிக்கும் சயன்மெத்ஹீமோகுளோபின் முறை. போதாததற்கு அவ்வப்போது வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஒரு மாதிரி வந்து, நம் எண் ஊரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. நல்லதுதான். என் கண்ணை அப்படி யார் சோதித்தார்கள்?

இத்தனை குலப்பெருமையோடு மெஷின் ஓர் அம்மாவுக்கு 12.4 என்று அடிக்கிறது, எச்சரிக்கைக் குறி இல்லாமல். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் அது போதும், இங்கே போதாது. உயரம் ஏற ஏற உடம்பே ரத்தத்தைக் கூட்டிக்கொள்ளும் என்பதால், இந்த உயரத்துக்கு முக்கால் கிராமுக்குள் கழிக்கச் சொன்ன உலக சுகாதார அமைப்பு, 2024ல் அதை 1.1 ஆக்கிவிட்டது. கழித்தால் 11.3, ரத்தசோகை.

ரிப்போர்ட் ஓரத்தில் பேனாவால் அதை எழுதப் போனேன். லேப் பையன் மெதுவாகக் காகிதத்தை இழுத்துக்கொண்டான்.

"சார், கையால எழுதினா ஆடிட்ல கேப்பாங்க."