சுவரைச் சும்மா விடாத ராஜா

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் ஏதாவது ஒரு புதுவீட்டுப் பாலுகாச்சுக்குப் போய்ப் பாருங்கள். சோபாவுக்கு மேலே ஆளுயரக் கேன்வாஸ் பிரின்ட் ஒன்று தொங்கும். காவி, மஞ்சள், பச்சையில் மியூரல் கிருஷ்ணன். சுற்றிலும் பூவும் கொடியுமாக பார்டர். "எல்லாம் பந்தா!" என்று சித்தப்பா ஒருவர் முணுமுணுப்பார். பந்தாதான் சித்தப்பா. ஆனால் ஆரம்பித்து வைத்தது மகாராஜாவாக்கும்!

திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவைத்தான் சொல்கிறேன். இளவரசராக இருந்தபோது எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்த, நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர்க்கதை. அந்த 'அம்மச்சிப் பிலாவு' கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. சிங்கிள் ரூம், ஜன்னல் கிடையாது, இன்டீரியர் டெக்கரேஷன் சுத்தமாகக் கிடையாது. மனுஷனுக்கு அந்த ஏக்கம் ஆயுசுக்கும் போகவில்லை போல!

1729-ல் பட்டத்துக்கு வந்தார். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை ஓடவிட்டார். 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, 'நான் வெறும் தாசன்' என்றார். என்ன ஒரு பணிவு! தாசனுடைய குவார்ட்டர்ஸைப் பார்க்க தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போக வேண்டும்.

அங்கே உப்பரிகை மாளிகையில் கீழே கஜானா, உச்சியில் சாமி, நடுவில் தாசனின் கட்டில். 64 வகை மூலிகை மரத்தில் செய்ததாம், டச்சுக்காரர் பரிசாம். அடி வாங்கியவன், அடித்தவனுக்கு நல்ல தூக்கம் வரட்டும் என்று கட்டில் அனுப்பியிருக்கிறான்!

சாமி மாடியில்தான் அந்த மியூரல்கள். தேவர்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் மிஞ்சினால், அங்கே பூ, கொடி, நகை. சுவரை மூச்சுவிட விட்டால்தானே! ஆனால் சுற்றுலாப் பயணிகளை அந்த மாடிக்கு ஏற்றுவதில்லை. பிரின்ட் வாங்கி மாட்டுகிறவரைக் கிண்டல் பண்ணுவோர் கவனிக்க.

அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்து மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. 87-ஆவது பூவைச் செதுக்கும்போது ஆசாரி வாய்க்குள் என்ன சொன்னார் என்பதை மட்டும் சரித்திரம் நாகரிகமாக மறைத்துவிட்டது.

காப்பி அடிப்பதும் நமக்குப் புதுசில்லை. கிளிமானூர் ரவி வர்மா 1894-லேயே பம்பாயில் அச்சகம் வைத்து, தம் ஆயில் பெயின்டிங்குகளை ஒலியோகிராஃபாக அடித்துத் தள்ளினார். வாங்கியவர்கள் சும்மா இருந்தார்களா? சரஸ்வதியின் புடவைக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி, ஒரிஜினலையே ஏழையாக்கிவிட்டார்கள். ஓவியருக்குப் பேர் வந்தது; அச்சகம் கடனோடு ஒரு ஜெர்மானியர் கைக்குப் போனது.

பெரிய கூத்து 1956-ல். மாநிலம் பிரித்தபோது பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. அதாவது பலாமரப் பொந்து அங்கே. அரண்மனை இருக்கும் கல்குளம் தமிழ்நாட்டுக்கு வந்ததால் அது இங்கே. ஆனால் சாவி மட்டும் கேரள அரசிடம்! பாறசாலைக்காரர் தம் சொந்த அரசாங்கத்தின் கட்டடத்தைப் பார்க்க, களியக்காவிளையில் பார்டர் தாண்டி வேறு மாநிலத்துக்கு வருகிறார்.

நீங்களும் வாருங்கள். பூமுகத்தில் கழுத்து வலிக்க 90 பூவையும் எண்ணிவிட்டு, அப்புறம் சித்தப்பாவோடு சண்டைக்குப் போகலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அரண்மனைக்கு லீவு.