ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் குப்பை கொட்டுவது எப்படி?

முதல் நாள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். ஐந்து வருஷம் பி.ஆர்க் படித்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வட்டக் கண்ணாடி மட்டும் வேண்டாம். ஆர்க்கிடெக்ட் லெ கர்புசியே போட்டிருந்த மாதிரிக் கண்ணாடி ஆபீஸுக்கு ஒன்றுதான், அது ஏற்கெனவே முதலாளியின் மூக்கில் இருக்கிறது. அவரை முதலாளி என்று சொல்லிவிடாதீர்கள். 'பிரின்சிபல்' என்பதுதான் மரபு. சம்பள உயர்வு கேட்கப் போகும்போது அந்தச் சொல்லின் பொருத்தம் புரியும்.

1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே பெயரோடு 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். பதிவு வந்ததும் அம்மாவிடம் காட்டுங்கள். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் போய் "பையன் இன்ஜினியர் ஆயிட்டான்" என்பார். திருத்த வேண்டாம். பெண் பார்க்கும்போது உதவும்.

மியூசியம் வரையப் போகிறோம் என்று நினைத்துத்தானே வந்தீர்கள்? முதல் ஆறு மாசம் கக்கூஸ். அலட்சியமாக நினைக்காதீர்கள், அதில் பெரிய சூட்சுமம் இருக்கிறது. கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற சுவரில் முழு டைல் வர வேண்டும். வெட்டுத் துண்டு கதவுக்குப் பின்னாலோ, வாளி வைக்கிற மூலையிலோ ஒளிந்துகொள்ள வேண்டும். சரியாகச் செய்தால் ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். தப்பாகச் செய்தால், வீட்டுக்காரர் ஆயுசு பூராவும் தினம் காலையில் பத்து நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

கிளையண்ட் மீட்டிங்கில் உங்கள் வேலை லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது. பிரின்சிபல் லூயி கான் கதையைச் சொல்வார். அகமதாபாத் ஐஐஎம்மை வடிவமைத்தவர், செங்கல்லிடமே அதன் ஆசை என்னவென்று விசாரித்த மகான். நாற்பதாவது தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரித் தலையை ஆட்டுங்கள். கதை முடிந்ததும் கிளையண்ட் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். மனசு கரைந்துவிட்டது என்று பிரின்சிபல் நினைப்பார்.

"சார், செங்கல்லுக்குப் பதிலா ஏஏசி பிளாக் போட்டா சதுர அடிக்கு எவ்ளோ மிச்சமாகும்?"

சிரிக்கக் கூடாது. சிரித்தவன் அன்றைக்கு ராத்திரி ஏஏசி பிளாக்குக்கு மூன்று கம்பெனியில் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருந்தான். வேறு யாருமில்லை, நான்தான்.

பிளானுக்குக் கிளையண்ட் 'ஓகே' சொன்ன அன்றே ஸ்வீட் வாங்குகிறவன் வேலைக்குப் புதுசு. வாஸ்துக்காரர் இன்னும் வரவில்லையே! அக்னி மூலையில் அடுப்பு, ஈசானியத்தில் சம்ப், கன்னி மூலையில் பெரிய பெட்ரூம் என்று எல்லாவற்றையும் நீங்கள் முன்னெச்சரிக்கையாகப் போட்டு வைத்திருப்பீர்கள். அதனாலேயே அவருக்கு வேலை இல்லாமல் போகும். சும்மா போக அவருக்கும் மனசு வராது. ஸ்கேலை எடுத்து பெட்ரூமை அளப்பார்.

"பன்னெண்டடி ஆகாதே. பதினொண்ணு வைங்க, இல்லேன்னா பதினாறு."

பதினாறுக்கு மனையில் இடமில்லை. பதினொன்றுக்குச் சுவரை நகர்த்தினால் கீழே இருக்கிற பீம் அநாதையாகிவிடும். இந்த இடத்தில் அறிவியல் மனப்பான்மை பேசி வேலையை இழந்தவர்கள் உண்டு. ஒரு பக்கச் சுவர் நெடுக ஒரு அடி ஆழத்துக்கு அலமாரி கட்டிவிடுங்கள். உள்ளளவு பதினொன்று. வாஸ்துக்காரருக்கு மனையடி, வீட்டம்மாவுக்கு அலமாரி, உங்களுக்கு பீம்.

பிளானுக்கு அனுமதி தருகிற சிஎம்டிஏ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2019-இல் வந்த கட்டட விதிப் புத்தகத்தை மேஜையில் வைத்திருந்தால் போதும், சீனியர்கள் எல்லாரும் உங்களிடம்தான் வருவார்கள். திறக்கக்கூட வேண்டாம்.

இனி சைட். ஆபீஸில் எல்லாம் மில்லிமீட்டர். சைட்டில் அடி, அங்குலம், அதற்கும் கீழே நூல். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். சுமாராக மூன்று மில்லிமீட்டர். நீங்கள் 230 என்று எழுதுகிற சுவருக்கு அங்கே பேர் ஒம்பது இஞ்ச், 115-க்கு நாலரை. ஒரு ஆச்சாரி "ரெண்டு நூல்தான் சார் இடிக்குது" என்றால் பயப்படாதீர்கள். "கொஞ்சூண்டு" என்றால் மட்டும் உடனே வண்டியை எடுங்கள்.

மேஸ்திரி உங்கள் டிராயிங்கைப் படிக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடவாக்கம் பக்கம் ஒரு வீடு. மாடிப்படி லேண்டிங்குக்கு அடியில் சும்மா கிடந்த இடத்தில் ஒரு டாய்லெட்டை நுழைத்திருந்தேன். பிளானில் பார்க்க அவ்வளவு அழகு. பிரின்சிபலே 'குட்' என்றார், அந்த வருஷத்தில் அவர் சொன்ன ஒரே 'குட்'. மேஸ்திரி, டீ கிளாஸ் வட்டம் விழுந்த அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உடைந்த செங்கல் ஒன்றை எடுத்துப் பூசாத சுவரில் படிகளைக் கோடு போட ஆரம்பித்தார். ஆறு அங்குலம், ஆறு அங்குலம் என்று பத்துப் படி. அங்கே லேண்டிங். டேப்பை விட்டு அளந்தார். ஐந்தடி. கான்கிரீட் கனம் ஐந்து அங்குலத்தைக் கழித்தார்.

"தம்பி, நாலடி ஏழு அங்குலம் வருது."

"ஆமாண்ணே."

"கதவு ஏழடின்னு போட்டிருக்கீங்க."

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழந்தைங்களுக்கு மட்டுமா?"

இந்த மாதிரி நேரத்தில் செக்‌ஷன் என்கிற குறுக்குவெட்டுப் படத்தை வரையவில்லை என்ற உண்மையைச் சொல்லிவிடக் கூடாது. "ஆபீஸ்ல டிஸ்கஸ் பண்ணிட்டு சொல்றேண்ணே" என்று சொல்ல வேண்டும். எந்த சைட்டுக்கும் பொருந்தும். அன்றைக்கு ராத்திரியே எட்டாவது ரிவிஷன் போனது. டாய்லெட் இருந்த இடத்தில் 'ஸ்டோர்' என்று இருந்தது. மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்பது தொழில் தர்மம். நான் அந்த மேகத்தைப் பக்கத்து ஜன்னலைச் சுற்றிப் போட்டேன்.

கிரகப்பிரவேசத்தன்று வீட்டுக்காரர் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிவந்து அந்தக் குட்டிக் கதவைத் திறந்து காட்டினார். "இன்வெர்ட்டருக்குன்னே தனி ரூம். நம்ம ஆர்க்கிடெக்ட் தம்பியோட ஐடியா." சாப்பாட்டுப் பந்தியில் மேஸ்திரி எனக்கு எதிர் வரிசை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இலையில் ஓடின பாயசத்தை வழிக்க ஆரம்பித்தார்.