மெரினா சார்

பாடி மேம்பாலம் தாண்டி மேற்கே போகப் போக, அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். முழுதாகப் பார்க்க முடியாது. முழங்காலுக்குக் கீழே மட்டும்தான்; மீதி வண்டிக்கு அடியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. முதுகுக்குக் கீழே சிமெண்டுச் சாக்கு. பக்கத்தில் விரித்த தினத்தந்தியின் மேல், கழற்றிய வரிசை மாறாமல் நட்டும் போல்ட்டும். போகிறவர் யாராவது, "என்ன சார், இன்னுமா முடியல?" என்று கேட்டால் அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, "அந்தப் பன்னண்டு-பதிமூணை எடுங்க" என்று சொல்லும். கை பேசுமா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பேசும்.

எங்கள் தெருவில் இவருக்கு மெரினா சார் என்று பெயர். கடற்கரைக்கு வாக்கிங் போகிறவர் இல்லை. வண்டி டாடா இண்டிகோ மெரினா, 2004-ல் அறிமுகமான ஸ்டேஷன் வேகன். நம் ஜனங்களுக்கு ஸ்டேஷன் வேகன் என்றைக்குமே ஆகி வந்ததில்லை. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. அப்புறம் மாருதி பலேனோ ஆல்ட்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங் என்று ஆளாளுக்கு முயன்று பார்த்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை. கார் என்றால் டிக்கி தனியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் கௌரவம். கூரை கடைசிவரை போய் நின்றால் நமக்கு ஆஸ்பத்திரி வண்டி ஞாபகம் வந்துவிடுகிறது. சாருடையது வெள்ளை நிறம் வேறு. ஒரு கல்யாண வீட்டு வாசலில் அவர் கொண்டுபோய் நிறுத்த, பெண் வீட்டார் பதறியடித்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்ததாக ஒரு கதை உண்டு. சார் அதை மறுப்பார். அவர் மனைவி, ரிட்டயரான கணக்கு டீச்சர், மறுக்க மாட்டார்.

யாரும் சீண்டாததுதான் மலிவுக்குக் காரணம். இரண்டு கை மாறிய வண்டியை ஒரு நல்ல ஸ்கூட்டர் விலைக்குச் சார் ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. திருநின்றவூரிலிருந்து பாதி வழி கயிறு கட்டித்தான் வந்தது.

இந்த மனிதர் எந்த மண்ணில் விளைந்தவர் என்று தெரிய, எங்கள் பக்கத்து பஸ் நிறுத்தங்களைக் கேட்டாலே போதும்: லூகாஸ், பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள், டன்லப். மற்ற ஊரில் பிள்ளையார் கோயில் இருக்கும் இடத்தில் இங்கே கம்பெனி. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் பிரேக்குக்கு ஒரு கம்பெனி, சக்கரத்துக்கு ஒன்று, செல்ஃப் மோட்டாருக்கு ஒன்று என்று வரிசையாக வந்தன. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அடுத்த வருஷமே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் உருண்டு வெளியே வந்துவிட்டது. இந்தியாவில் ஓடும் எந்தக் காரைப் பிரித்துப் போட்டாலும் ஏதாவது ஒரு சாமானுக்குச் சொந்த ஊர் எங்கள் பக்கமாக இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் முப்பத்தைந்து வருஷம் ஷிப்ட் பார்த்த ஆளிடம் ஒரு பையன் வந்து, "பிரேக் ஷூ மாத்த கூலி ஆயிரத்து இருநூறு ஆகும் அங்கிள்" என்றால் என்ன ஆகும்? பணம் போவது பெரிய விஷயமில்லை. மானம் போய்விடும். வீட்டு ரிப்பேர் என்பது சிக்கனம் என்று பலரும் நினைக்கிறார்கள். சத்தியமாக இல்லை. அது ரிட்டயர்மெண்டுக்குப் பிறகும் நீடிக்கும் ஜெனரல் ஷிப்ட்.

இந்த இனத்திலேயே உட்பிரிவு உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்காரர் லேத் வம்சம். போல்ட்டைக்கூட வெர்னியரில் அளந்துவிட்டுத்தான் முடுக்குவார். ஆவடிக்காரர் டாங்க் வம்சம். எந்தச் சிக்கலைச் சொன்னாலும், "நாங்க டி-72 எஞ்சினையே இறக்கி ஏத்தினவங்க" என்று ஆரம்பிப்பார். டாங்குக்கும் காருக்கும் உள்ள ஒரே வித்தியாசம் சைஸ்தான் என்பது அவர் கொள்கை. அதனால் சுத்தியலும் அந்த சைஸிலேயே வைத்திருப்பார். அவர் கை வைத்த கதவு பிறகு ஜென்மத்துக்கும் ஆடாது, திறக்கவும் செய்யாது. பூந்தமல்லிக்காரர் லாரி ஷெட் வம்சம். முடுக்குவதில் அவருக்கு நம்பிக்கையே இல்லை, எல்லாம் வெல்டிங்தான்.

நம் மெரினா சார் முதல் ரகம். ஒரு மரப்பெட்டி நிறைய ஸ்பேனர். இரவல் கொடுத்தால் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பார். எம்-சீல், அனபாண்டு, பைண்டிங் கம்பி, ஹோஸ் கிளிப், பழைய சைக்கிள் ட்யூப் எல்லாம் தனித்தனி ஹார்லிக்ஸ் பாட்டிலில். ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. பூசணிக்காய் உடைத்த கையோடு வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். ஒரு வருஷம் செல்ஃப் எடுக்கவில்லை. எலுமிச்சம்பழம் தீபாவளி வரைக்கும் அங்கேயே இருந்தது.

அவர் கைவண்ணத்தில் தலைசிறந்தது டிக்கி முட்டு. பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஷாக் இரண்டும் வயசாகிச் செத்துவிட்டன. புதுசு போட்டிருக்கலாம். முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பை அளந்து வெட்டி, இரு முனையிலும் ட்யூப் சுற்றி, ஒரு முட்டு செய்தார். கச்சிதமான வேலைதான், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் முட்டு இருக்கும் இடம் டிக்கிக்கு உள்ளே. கதவைத் தூக்கினால்தான் முட்டை எடுக்க முடியும். முட்டு இருந்தால்தான் கதவு நிற்கும். ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் துழாவுவதற்குள் கதவு இறங்கிவிடும். அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்டவர்கள் எல்லார் உச்சந்தலையிலும் ஒரே இடத்தில் ஒரு வீக்கத்தைப் பார்க்கலாம்.

சும்மா கேலி செய்துவிட்டும் போக முடியாது. மனிதருக்கு விஷயம் தெரியும். வண்டி ஹீட் ஆகிறது என்று போனால் ரோட்டோர மெக்கானிக்குகள் பலர் முதலில் செய்வது தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிவது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" இதைக் கேட்டால் ரேடியேட்டருக்கு முன்னால் சார் கொதித்துவிடுவார். எஞ்சின் தன் சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுப்பது அந்த வால்வு. அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், டீசலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும். உள்ளே மெழுகு வைத்திருப்பார்கள். சூட்டில் அது விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க, சூடாகும் தண்ணீரில் தொங்கவிட்டால் போதும். வீட்டில் தண்ணீர் எதில் கொதிக்கும்? டீச்சரம்மாவின் பால் பாத்திரத்தில். நூல் கட்டி இறக்கினார். நீர் கொதிநிலையை நெருங்கும் சமயம் வால்வு மெல்ல வாயைத் திறந்தது. "இங்க பாரு, இங்க பாரு!" என்று கூப்பிட்டார். டீச்சரம்மா வந்து பார்த்தார், பாத்திரத்தை. அன்றிலிருந்து அது வண்டிச் சாமான்.

இதைவிடப் பெரிய சோதனை பிரேக்கில் ஏர் எடுப்பது. ஒரு ஆள் செய்யக்கூடிய வேலை இல்லை அது. உள்ளே ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், வெளியே ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நிப்பிளில் ஒரு கண்ணாடி ட்யூப். ட்யூபின் மறுமுனை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள். மிதித்துப் பிடித்ததும் திறந்தால் ஆயிலோடு காற்று குமிழ் குமிழாக வரும், பெடல் தரையைத் தொடும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். மொத்தப் பிரச்சினையும் இந்தக் கடைசி விதியில்தான்.

"மிதி... மிதி... மிதி... புடி!"

"புடிச்சிருக்கேங்க."

"விடாத."

உள்ளே குக்கர் விசில்.

"விட்டுட்டியா?"

"ரெண்டாவது விசிலுங்க. மூணாவதுக்கு நான் போகணும்."

"குமிழ் வந்துட்டே இருக்கு, இப்போ போய் குக்கரா?"

"பருப்பு வெந்துட்டே இருக்கே."

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்கி நாலு சக்கரமும் முடிய மதியம் ஆகிவிடும். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் சொல்லி அந்த அம்மாள் கேட்ட சொற்கள் இந்த மூன்றுதான் என்பார்கள்: மிதி, புடி, விடு. அதிலும் மூன்றாவது அவர் சொல்வதற்கு முன்பே நடந்துவிடும்.

சாமான் கிடைப்பதில் கவலை இல்லை. மெரினாவின் எஞ்சின், 1405 சி.சி. டீசல், இண்டிகா வம்சம். 1998-ல் வந்து 2018-ல் நிறுத்தப்பட்ட இண்டிகாவைச் சென்னையின் கால் டாக்ஸிக்காரர்கள் ஓட்டித் தீர்த்தார்கள். அவர்கள் புண்ணியத்தில் ஜி.பி. ரோட்டில் இன்றைக்கும் கேட்டதெல்லாம் கிடைக்கிறது. கிடைக்காதது பின்பாதிதான். டெயில் லைட், பின்கண்ணாடி எல்லாம் மெரினாவுக்கே உரியவை. அதற்குப் புதுப்பேட்டை. உடைத்த வண்டிகளின் கதவும் கண்ணாடியும் கூரைவரை அடுக்கிய சந்துகளில் சார் நடக்கும்போது முகத்தில் ஒரு களை வரும். அந்தக் களையை அவர் சொந்தப் பெண்ணின் கல்யாணத்தில்கூட யாரும் பார்த்ததில்லை. "பெருசு, இந்த மாடலெல்லாம் இப்ப வர்றதில்ல" என்று கடைப்பையன் சொன்னால் இவருக்கு உற்சாகம் இரண்டு பங்காகும். ஒரு மாதத்துக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

பிள்ளைக்கு இதெல்லாம் பிடிக்காது. அப்பா லேத் ஓட்டிய அதே தொழிற்பேட்டையில், லேத் போய்க் கண்ணாடிக் கட்டடம் வந்த இடத்தில், அவன் ஐ.டி. வேலை பார்க்கிறான். பெரிய எஸ்யூவி வைத்திருக்கிறான். சார் அதன் பானட்டை ஒரே ஒரு தடவை திறந்தார். கறுப்பு பிளாஸ்டிக் மூடி. "உள்ள எஞ்சின் இருக்கா, இல்ல அதுக்குத் தனியா காசா?" என்று கேட்டுவிட்டு மூடினார். பிள்ளை பதிலுக்கு மெரினாவின் செலவை எக்செல் ஷீட்டில் போட்டுக் காட்டினான். அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஆல்ட்டோ வாங்கியிருக்கலாம். சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "இதுல கூலின்னு ஒரு பைசா இருக்கா, காட்டு" என்றார். பிள்ளையால் காட்ட முடியவில்லை.

அரசாங்கமும் தன் பங்குக்கு முயன்று பார்த்துவிட்டது. பதினைந்து வருஷம் ஆன காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாய் கட்டிக்கொண்டிருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய கார் என்றால் 10,000 என்றார்கள். டெல்லியில் பத்து வருஷமான டீசல் காரையே ஓட்டக்கூடாது என்று செய்தி வந்தபோது சார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தமிழ்நாட்டில் அப்படி இல்லை என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம். சில நாள் கழித்து, "டெல்லியில மெரினா யாராவது சாமானுக்கு உடைப்பாங்களா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் வாழைமரம் கொண்டுவர, ரெட்ஹில்ஸிலிருந்து அரிசி மூட்டை ஏற்ற, யார் வீட்டு வாஷிங் மெஷினையாவது மாற்ற, எல்லாவற்றுக்கும் அந்த வேகன்தான். பின்சீட்டை மடக்கினால் ஒரு கட்டிலே போகும். எஸ்யூவிக்காரர்களும் கூச்சமில்லாமல் வந்து நிற்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருகிறது என்று டிவி சொன்ன அன்றே சார் ஜாக்கி போட்டு, நாலு சக்கரத்துக்கும் ஹாலோ பிளாக் அடுக்கி, வண்டியை மேடையேற்றிவிட்டார். எல்லாரும் சிரித்தோம். கொரட்டூர், அம்பத்தூர் தெருக்களில் தண்ணீர் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. எஸ்யூவியை டோ வண்டி ஏற்றிக்கொண்டு போனது.

போன தையில் டீச்சரம்மா ஒரு தந்திரம் செய்தார். பேத்தியை விட்டு விற்பனை விளம்பரம் போட்டுவிட்டார். கேட்டரிங் தொழில் செய்கிற ஒருவர் ஆவடியிலிருந்து வந்தார். அண்டா ஏற்ற வண்டி வேண்டுமாம். சார் மறுக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வண்டியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். ரிவர்ஸ் போட வேண்டுமானால் முதலில் செகண்டைத் தொட்டுவிட்டு வர வேண்டும். இடதுபக்கக் கண்ணாடியைச் சுற்றும்போது மறு கையால் மேலே பிடித்து இழுக்க வேண்டும். ஸ்டீரிங் நேராக இருந்தால்தான் ஹாரன் அடிக்கும். திருப்பத்தில் வாயால்தான் சத்தம் கொடுக்க வேண்டும். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டினால் பயப்பட வேண்டாம். தாண்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும், வயர் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக டிக்கியைத் திறந்து காட்டினார். வந்தவர் தலையைத் தடவிக்கொண்டார்.

பொய் சொல்லி வண்டி விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியே விற்காமல் காப்பாற்றியவர் இவர்தான்.

காபி வந்தது. கேட்டரிங்காரர் குடித்து முடித்து, கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், நம்ம வீட்டுல ஒரு இண்டிகா ரெண்டு வருஷமா நிக்குது. ஏர் புடிச்சிருக்குன்னு ஒருத்தன் சொல்றான், பம்புன்னு ஒருத்தன் சொல்றான். நீங்க ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சார் வீட்டு வாசலில் கயிறு கட்டி இழுத்து வந்த இண்டிகா நின்றது. டீச்சரம்மா வெளியே வந்து பார்த்தார்.

"வாங்க வந்தவரு விட்டுட்டுப் போயிருக்காரு?"

வண்டிக்கு அடியிலிருந்து கை வெளியே வந்தது. "குக்கரை எறக்கி வெச்சுட்டு வா. இதுக்கும் நாலு சக்கரம் இருக்கு."