அண்ணாமலையார் கெட்டர் எழுதவில்லை

பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று தகராறு. பஞ்சாயத்துக்கு வந்த சிவன் தீர்ப்பு சொல்லாமல் நெருப்புத் தூணாக எழுந்து நின்றார். அடியையோ முடியையோ பார்த்து வருகிறவர் பெரியவர். அந்தத் தூண் குளிர்ந்துதான் எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் திருவண்ணாமலையாக நிற்கிறது என்கிறது தலபுராணம்.

மென்பொருள்காரர் கணக்கில் அடி, முடி இரண்டுமே வெளியாள் தொட முடியாத பிரைவேட். உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டும் கெட்டர் கிடையாது. விஷ்ணு பன்றியாகித் தோண்டிப் பார்த்துவிட்டு, "நம்மால ஆகலை சாமி" என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகப் பறந்த பிரம்மாவோ, சிவன் சடையிலிருந்து யுகக்கணக்காக விழுந்துகொண்டிருந்த தாழம்பூவை மடக்கி, "முடியைப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்றார். அதாவது, இல்லாத கெட்டரைத் தானே எழுதிப் பொய் மதிப்பை அனுப்பினார். டெஸ்டிங்கில் மாட்டிக்கொண்டார். பிரம்மாவுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லை என்று இரண்டு ஆர்டரும் கையோடு வந்தன.

1972-இல் மென்பொருள் ஆய்வாளர் டேவிட் பார்னஸ் இதையே நெருப்பில்லாமல் எழுதினார்: ஒவ்வொரு மாட்யூலும் தன் உள்விவகாரத்தை மறைத்துக்கொள்ளட்டும், நாளை அது மாறினாலும் மற்றவை உடையாது. எல்லோரும் தலையாட்டினார்கள். 1990-களில் ஜாவா மொழியும், கூடவே ஜாவாபீன்ஸ் என்ற விதிமுறையும் வந்தன. 'நேம்' இருந்தால் படிக்கும் கெட்டருக்கு 'கெட்நேம்', மாற்றும் செட்டருக்கு 'செட்நேம்' என்று பெயர் வையுங்கள், கருவிகள் பெயரைப் பார்த்தே புரிந்துகொள்ளும் என்றார்கள். இருபது ஃபீல்டுக்கு நாற்பது மெத்தட். கை வலித்தது. எக்லிப்ஸ் போன்ற எடிட்டர்கள் மெனுவிலேயே வழி செய்தன: எல்லாவற்றையும் டிக் செய், ஓகே கொடு. கர்ப்பக்கிருகத்தைப் பூட்டிச் சாவியை ராஜகோபுர வாசலில் தொங்கவிட்ட கதைதான்.

அந்த நாற்பதைப் பார்க்கவும் சலித்தவர்களுக்கு 2009-இல் லோம்போக் என்ற ஜாவா லைப்ரரி வந்தது. கிளாஸ் தலையில் ஒற்றைக் குறிப்பு. கம்பைல் ஆகும்போது மெத்தட்கள் தாமாக முளைக்கும். சி ஷார்ப் 2007-லேயே இந்த வசதியை மொழிக்குள் சேர்த்துவிட்டது. எழுதும் வேலைதான் குறைந்துகொண்டே போனது. எதற்கு எழுதுகிறோம் என்று கேட்டவர்கள் சொற்பம். வங்கிக் கணக்கு கிளாஸில் 'செட்பேலன்ஸ்' இருந்தால் பணம் போட, எடுக்க என்று தனி மெத்தட் எதற்கு?

2021-இல் ஜாவா 16, ரெகார்ட் என்ற கிளாஸ் வகையை நிலையாகச் சேர்த்தது. மதிப்பைப் படிக்கும் மெத்தடை மொழியே தருகிறது. செட்டர் அறவே கிடையாது. உங்கள் எடிட்டர் அடுத்த முறை கேட்கும்போது, செட்டர் பக்கத்து டிக்கை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.