போனவர்களின் ஃபோல்டரைக் கூண்டோடு அழிப்பது எப்படி?

சர்வரில் டிரைவ் சிவப்பாக மாறிய பிறகுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும். அதற்கு முன்பே இறங்கினால் உங்களுக்கு வேறு வேலையே இல்லை என்று மேலிடம் நினைத்துக்கொள்ளும்.

முதலில், ஒவ்வொருவரின் டெஸ்க்டாப்பும் செட்டிங்கும் போய்ச் சேரும் ப்ரொஃபைல் ஷேரைத் திறந்து ஃபோல்டர்களை எண்ணுங்கள். ஆபீஸில் நூற்றிருபது பேர்தான். ஃபோல்டரோ நானூறைத் தாண்டும். பதற வேண்டாம், ஒரே ஆள் பல வேஷத்தில் இருப்பார். எக்ஸ்பி காலத்தில் வெறும் பெயர். விஸ்டாவும் விண்டோஸ் 7-ம் பெயருக்கு வால் வைத்தன: 'வி2'. நடுவே வந்தவற்றுக்கும் ஆளுக்கொரு எண். விண்டோஸ் 10 முதலில் 'வி5' என்றது; 2016-இல் வந்த 1607 பதிப்பில் மனம் மாறி 'வி6' ஆக்கியது. ஒரு பதிப்பின் ப்ரொஃபைல் இன்னொன்றுக்கு ஒத்துவராது, அதனால் புதுசு. சரி, பழசை யார் எடுத்துப் போடுவது? நீங்கள்தான்.

எது பழசு என்று கண்டுபிடிக்க, தேதிவாரியாக அடுக்கி, மூன்று வருஷத்துக்கு முந்தையதை எல்லாம் செலக்ட் செய்யுங்கள். தினமும் லாகின் செய்கிற கேஷியர் அதில் சிக்குவார். காரணம், ஃபோல்டரின் தேதி அதற்கு நேர் உள்ளே ஏதாவது சேர்ந்தாலோ போனாலோதான் மாறும். நாலு அடுக்கு கீழே நடப்பது அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் 'என்டியூசர்.டாட்' ஃபைலின் தேதி இதைவிடத் தேவலை. ஆக்டிவ் டைரக்டரியில் கடைசி லாகின் நேரத்தையும் பார்க்கலாம், அது இரண்டு வாரம் வரை பின்தங்கியே இருக்கும். இதெல்லாம் வேண்டாம் என்றால் எச்.ஆரிடம் இப்போது வேலையில் இருப்பவர்களின் பட்டியல் கேளுங்கள். வாட்ச்மேன் பெயர் இருக்கும், எம்.டி. பெயர் விட்டுப்போயிருக்கும்.

இப்போது டிலீட். உடனே 'ஆக்சஸ் டினைட்'. ஊர்ச் சாவியெல்லாம் இடுப்பில் தொங்க, 2015-இல் வேலையை விட்டுப் போன ஒருவரின் அறைக்குள் உங்களால் நுழைய முடியாது. ரோமிங் ப்ரொஃபைலை விண்டோஸ் உருவாக்கும்போது உரிமை அந்த ஆளுக்கும் சிஸ்டத்துக்கும் மட்டுமே. அட்மினையும் சேர்த்துக்கொள் என்று சொல்ல ஒரு குரூப் பாலிசி உண்டு. ஆனால் அதைப் போட்ட பிறகு உருவாகும் ஃபோல்டருக்குத்தான் செல்லுபடி. முன்பு இருந்த அட்மின் அதைப் போட்டாரா என்று கேட்கிறீர்களா? அவர் ஃபோல்டரும் இந்த நானூறில் ஒன்று.

ஆகவே 'டேக்ஓன்' ஓட்டி உரிமையைப் பறியுங்கள், பிறகு 'ஐகேக்ல்ஸ்' வைத்துப் பெர்மிஷன் எழுதுங்கள். டேக்ஓனில் 'ஏ' சுவிட்சை மறந்தால் சொத்து அட்மின் குரூப்புக்குப் போகாமல் உங்கள் பெயரிலேயே பதிவாகிவிடும்.

அடுத்து 260 எழுத்துத் தகராறு. யாரோ 'நியூ ஃபோல்டர்'க்குள் 'நியூ ஃபோல்டர்' என்று கோழிக்கூடு கட்டியிருப்பார். பாதை நீண்டு, எக்ஸ்ப்ளோரர் அழிக்க மறுக்கும். காலி ஃபோல்டர் ஒன்றைச் செய்து, ரோபோகாப்பியின் 'மிர்' சுவிட்சால் அதை இதன் மேல் கவிழ்த்தால் எல்லாம் துடைத்துப்போகும். இலக்கை ஒரு படி மேலே தட்டிவிட்டால் எம்.டி. உட்பட மொத்த ஷேரும் துடைத்துப்போகும். நெட்வொர்க் வழியாக அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வராது என்பதை அப்போது நிதானமாக நினைவுகூரலாம்.

இவ்வளவு துணிச்சல் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: அழிக்காமல் 'பழசு' என்ற ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். பெயர் வைக்கப் போனால், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். அதற்குள்ளே 'பழசு 2'.

நான் அந்த வழிக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, சுத்தமாக அழித்தேன். டிரைவ் மறுபடி நீலமானது. திங்கள் காலை எச்.ஆரிலிருந்து போன்.

"தம்பி, நம்ம பழைய ஸ்டோர்ஸ் மேனேஜர் இன்னிக்கு திரும்ப ஜாயின் பண்றார்ப்பா. அவரோட பழைய டெஸ்க்டாப்பு அப்படியே வேணுமாம்."