கத்திக்கு ஒரு வேலை

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் இடுப்பில் தொங்குவதற்கென்றே செய்த மடக்குக்கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே மான், மான் மார்க் குடை. அதுவும் போன ஐப்பசியில் டவுன் பஸ்ஸோடு போய்விட்டது.

கத்தியின் பெயர் பக் 110. அக்கா மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தான். மற்றவர்களுக்கெல்லாம் பாதாம் பருப்பும் சாக்லேட்டும். மாமாவுக்கு மட்டும் ஸ்பெஷலாம். இரண்டு பக்கமும் தடித்த பித்தளை, நடுவில் கருப்பும் பழுப்புமாக வரி ஓடும் மரம், மடக்கினால் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எடை சுமார் 200 கிராம். கால் கிலோ அல்வா வாங்கி, வீடு வந்து சேர்வதற்குள் வழியில் கொஞ்சம் தின்றுவிட்டால் பொட்டலத்தில் எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவு.

அவன் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் நீட்டியதும் அம்மா பாய்ந்து வந்தார்.

"கத்தியக் கையில குடுக்காதடா. கீழ வை, மாமா எடுத்துக்கிடட்டும்."

"அங்கயும் இப்படித்தான் அம்மாச்சி. கத்தியச் சும்மா குடுத்தா உறவு வெட்டுப்பட்டுப் போகும்னு ஒரு காசு வாங்கிக்கிட்டுத்தான் குடுப்பாங்க."

அம்மாவுக்கு அமெரிக்காவின் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. நான் ஒரு ரூபாய் கொடுத்தேன். அவன் கத்தியைத் தரையில் வைத்தான். ஆரப்பாளையம் சம்பிரதாயமும் அமெரிக்கச் சம்பிரதாயமும் ஒரே நேரத்தில் நிறைவேறின.

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. தங்கள் நிறுவனத்துக்குக் கடவுள்தான் மூத்த பங்குதாரர் என்று பக் குடும்பத்தார் அதில் எழுதியிருந்தார்கள். நம் ஊர் மளிகைக் கடை பில்லில் 'முருகன் துணை' போடுவார்கள். அங்கே முருகனுக்குப் பங்கே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் கதை நம் பக்கத்துக்கு அந்நியமில்லை. ஹாய்ட் பக் என்கிற பையன் 1902-இல் கான்சாஸ் மாநிலத்தில் கொல்லுப்பட்டறையில் எடுபிடியாக இருந்தவன். தேய்ந்துபோன அரத்தை எடுத்துக் காய்ச்சி, பதம் ஏற்றிக் கத்தியாக்கினான். மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் திருப்பாச்சேத்தி இருக்கிறது. அரிவாளுக்குப் பேர்போன ஊர். அங்கே லாரிப் பட்டையைக் காய்ச்சி அடிப்பார்கள். ஓடித் தேய்ந்த இரும்புக்கு மறுபிறவி கொடுக்கிற வித்தை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஹாய்ட்டின் மகன் ஆல் பக் காலத்தில், 1964-இல், இந்த 110 வந்தது. உறைக்கத்தி அளவுக்குத் தெம்பு வேண்டும், ஆனால் மடங்கவும் வேண்டும் என்று கேட்ட வேட்டைக்காரர்களுக்காக. அவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்காத எனக்கும் கிடைத்துவிட்டது.

புதுக் கத்தி திறக்காது. இதை யாரும் பெட்டி மேல் எழுதுவதில்லை. அலகில் நகம் மாட்ட ஒரு சின்னக் குழி உண்டு. மாட்டி இழுத்தால் முதலில் திறப்பது நகம்தான். முதுகில் ஓடும் எஃகுப் பட்டை ஒன்று அலகின் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்திருக்கும். அதை மீறி அலகு முழுக்க நிமிர்ந்ததும் பட்டையின் கொக்கி அலகின் பள்ளத்தில் போய் விழும். 'டக்'. அதற்கப்புறம் யானை மிதித்தாலும் தானாக மடங்காது. முதுகின் பின்கோடியில் பட்டையைக் கட்டைவிரலால் அமுக்கினால்தான் விடும். புதிதில் அதுவும் விடாது. விடும்போது சொல்லாமல் விடும்.

இதற்குப் பழக்கம்தான் மருந்து, டி.வி. பார்க்கும்போது திறந்து திறந்து மூடுங்கள் என்று அக்கா மகன் சொல்லிவிட்டுப் போனான். இரவு எட்டு மணிச் செய்தியில் தொடங்குவேன். டக். மடக்கு. டக். மடக்கு. நாட்டு நடப்புக்கு அந்தச் சத்தம் நன்றாகவே பொருந்தியது. சீரியல் தொடங்கியதும் வீட்டில் உள்ளவர்கள் பொறுமை இழந்தார்கள். கத்தரிக்கோலைச் சும்மா வெட்டினால் வீட்டில் சண்டை வரும் என்பது அம்மாவின் சட்டம். அதைக் கத்திக்கும் நீட்டித்து அன்றே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவர் சொன்னபடியே சண்டை வந்தது. இந்த மாதிரி நம்பிக்கைகள் எப்படிப் பலிக்கின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மூட்டு இளக எண்ணெய் விட வேண்டும். அம்மாவுக்கு உலகத்தில் இறுகியது எதுவானாலும் தேங்காய் எண்ணெய்தான். முழங்காலுக்கு, கதவுக் கீலுக்கு, தலைக்கு, கத்திக்கு. மதுரை வெயிலில் அது வழுக்கிக்கொண்டு வேலை செய்தது. மார்கழியில் கொடைக்கானல் போயிருந்தோம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும். கொடைக்கானல் அதைவிட எத்தனையோ கீழே. கத்தி வாயைத் திறக்கவே இல்லை. வேட்டைக்காரனாக இருந்திருந்தால் மான் பாதி வழி ஊருக்கே போயிருக்கும். கீழே இறங்கியதும், தெருமுனைத் தையல்காரரிடம் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு வாங்கி விட்டோம். அன்றிலிருந்து கத்திக்கு மூட்டுவலி இல்லை.

கத்தி பழகிவிட்டது. அடுத்து வேலை வேண்டுமே. இங்கேதான் சிக்கல்.

நம் வீடுகளில் வெட்டுகிற வேலைக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. காய்க்கு அரிவாள்மனை. மீன் என்றால் கடையிலேயே கழுவி நறுக்கித் தந்துவிடுகிறார்கள். இளநீர்க்காரர் நம்மைப் பக்கத்திலேயே விடமாட்டார். ஒரு நாள் கேரட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பக் 110-இன் முதுகுத் தடிமன் மூன்று மில்லிமீட்டர். கேரட் நறுக்குப்படாது, பாதி தூரம் அலகு இறங்கியதும் 'படக்'கென்று பிளந்து தெறிக்கும். ஒரு துண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போனது. என் மனைவி அரிவாள்மனையில் உட்கார்ந்தபடியே, நிமிராமல், ஒரு கிலோ பீன்ஸை முடித்துவிட்டு எழுந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

சரி, வெளியே கொண்டுபோகலாம் என்றால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வக்கீல் நண்பரைக் கேட்டேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனதை விட்டுவிடுவார்கள் என்றார். என் கத்தியின் அலகு மூன்றே முக்கால் அங்குலம். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இருப்பா. சட்டம் அங்குலத்தப் பாக்கும். ராத்திரி ரோந்துல வர்ற ஏட்டு மூஞ்சியப் பாப்பார். உன் மூஞ்சிக்கு இத வீட்லயே வச்சிரு."

கத்தியோடு வந்த தோல் உறையில் பெல்ட் நுழைக்க வழி உண்டு. நான் வேட்டிக்காரன். வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட்டில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். 200 கிராம் ஒரே பக்கமாக இழுத்தது. வேட்டியின் ஒரு கரை கணுக்காலைத் தாண்டித் தரையைக் கூட்ட, மறு கரை முழங்காலுக்கு ஏறிவிட்டது. எதிரே வந்தவர், "என்னண்ணே, கால்ல அடியா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஏன் ஜீன்ஸ் போடுகிறார்கள் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

ஒரே ஒரு தடவை அதற்கு வெளியூர் வேலை கிடைத்தது. வைகை எக்ஸ்பிரஸில், கொடை ரோடு தாண்டியதும் கொய்யாப்பழம் வாங்கினேன். பையிலிருந்து கத்தியை எடுத்தேன். 'டக்'. பெட்டியில் அரட்டை நின்றுவிட்டது. எதிர் சீட்டில் செல்போனில் பேசிக்கொண்டிருந்தவர் "அப்புறம் கூப்பிடறேன்" என்றார். ஒரு தாய் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டார். குழந்தைக்கு மட்டும் கண் பளபளத்தது.

"அங்கிள், பட்டன் கத்தியா?"

பழைய படங்களில் வில்லன் சந்தில் நின்று ஒரு பொத்தானை அமுக்குவான், அலகு பாய்ந்து வரும். இது அந்த ஜாதியில்லை, இதற்கு இரண்டு கையும் ஒரு நகமும் வேண்டும், அவசரத்துக்கு உதவாது, அதுவரை எதிராளி காத்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். எதிர் சீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க சார், மடக்கி வைங்க" என்றார். கொய்யாவைக் கீறி எல்லாருக்கும் நீட்டினேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் தைரியம் அந்தப் பெட்டியில் யாருக்கும் இல்லை.

கூர் மங்கியபோது, சைக்கிளில் சக்கரம் பூட்டிக்கொண்டு வருகிற சாணைக்காரரை நிறுத்தினேன். அவர் கத்தியை வாங்கி, திறந்து, அலகின் பக்கவாட்டைப் பெருவிரல் நகத்தால் வருடினார். இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழித்துத் தேய்த்த அலகு அது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதச் சக்கரத்துல வச்சா சூடேறிப் பதம் போயிரும் சார். யாரோ நல்லாப் பதம் போட்டிருக்கான். இது வெட்டற கத்தி இல்ல, காட்டற கத்தி."

பால் பாஸ் என்கிற வித்தகர் வகுத்த முறையில் சூடேற்றி ஆற்றிய எஃகு அது. 420ஹெச்சி என்கிற ரகம். அப்படிப் பதம் ஏறினால் ராக்வெல் அளவில் 58 வரைக்கும் கடினம் நிற்கும். சாணைக்காரர் ராக்வெல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நகத்திலேயே படித்துவிட்டார். போகும்போது இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்: ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு ஏறாத வளையம் ஒன்று இருக்கும். அந்தச் சொரசொரப்பில் தண்ணீர் தொட்டு, ஒரே சாய்வில், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. காசு வாங்கவில்லை. எங்கள் வீட்டு நார்த்தங்காய் ஜாடி அன்றிலிருந்து இரட்டைச் சம்பளம் இல்லாமல் இரட்டை வேலை பார்க்கிறது.

மழைக்காலத்தில் தோல் உறைக்குள் வைத்துவிட்டால் பித்தளை பச்சை பூத்துவிடும். தோலைப் பதப்படுத்தும் பொருள்களுக்கும் பித்தளைக்கும் ஆகாது. வெளிநாட்டுக்காரர்கள் இதற்கென்று டப்பா டப்பாவாகப் பாலிஷ் விற்கிறார்கள். அம்மா அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பலில் துடைத்து, வெயிலில் வைத்தார். ஐடஹோ மாநிலத் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றுகூட அது அப்படிப் பளபளக்கவில்லை.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தோடு மனையில் உட்கார்ந்தது. ஒரு பக்கம் அரிவாள்மனை, மறு பக்கம் ஸ்பேனர். மற்ற ஆயுதங்களும் வேலையில்லாமல் இருந்த ஒரே நாள் அதுதான். என் கத்திக்கு அன்று சக ஊழியர்களுக்கு முன் தலைகுனிவு இல்லை. நகக்குழியில் ஒட்டிய குங்குமம் இன்னும் போகவில்லை.

வேலை கடைசியில் தானாகத்தான் வந்தது, நான் வீட்டில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை. உடைத்த தேங்காயில் பருப்பைக் கீறி எடுக்கும் பழைய கத்தியின் கைப்பிடி கழன்றுவிட்டிருக்கிறது. அலமாரியில் இது இருந்தது. நான் திரும்பி வந்தபோது சிரட்டைக்கும் பருப்புக்கும் நடுவே என் பக் 110-இன் வளைந்த முனை இறங்கியிருந்தது, மனைவி நெம்பிக்கொண்டிருந்தார். கத்தியை நெம்பாதே, முனை முறியும் என்று கத்தி செய்கிற எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மூச்சு நின்றது. 'க்ளக்'. முழுப் பாதி, ஒரு கீறல் இல்லாமல், தோலோடு வந்து தட்டில் விழுந்தது. முனை அப்படியே இருந்தது.

"வாட்டமா இருக்குங்க இது. இத்தன நாளா இத வச்சுக்கிட்டு டி.வி. பாத்திருக்கீங்க."

அதற்குப் பிறகு அது அடுப்படியில்தான் இருக்கிறது. தேங்காய் கீறுகிறது, பனங்கிழங்கின் நாரை உரிக்கிறது, வாழை மரத்திலிருந்து இலையை ஒரே இழுப்பில் நறுக்குகிறது. வாழைக் கறை பட்டு மரப்பிடியின் வரிகள் மறைந்துவிட்டன. மூட்டு இப்போது அவ்வளவு இளக்கம். மனைவி ஒற்றைக் கையில் திறக்கிறார். அது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எனக்குத் தேவைப்பட்டால் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால், கையில் கொடுக்காமல் மேடையில் வைக்கிறார்.

போன வாரம் அக்கா மகன் போனில் வந்தான். கத்தி எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனை வாங்கிக்கொண்டார்.

"நல்லாருக்கு தம்பி. அடுத்த தடவ வர்றப்ப இதுலயே கொஞ்சம் நீளமா ஒண்ணு கொண்டாப்பா. பூசணிக்காய்க்கு இது எட்ட மாட்டேங்குது."

"119-னு ஒண்ணு இருக்கு அத்தை. அலகு மட்டும் ஆறு அங்குலம். ஆனா அது மடங்காதே."

"மடங்க வேணாம்பா. எடுத்து வெட்டவே நேரமில்ல, மடக்கிக்கிட்டு யாரு உக்காந்திருக்கா?" என்று என்னைப் பார்த்தார்.